நெட் போனால் பிரிண்டர் ஏன் ஊமையாகிறது?

தெருவில் குழாய்க்குப் பள்ளம் வெட்டிய ஜேசிபி, கண்ணாடி இழைக் கேபிளையும் சேர்த்துக் கிள்ளிவிட்டது. அலுவலகத்தில் நெட் போய்விட்டது. அதுவரை எல்லோருக்கும் புரிகிறது. பில் போடும் கணினியும், மூலையில் இருக்கும் லினக்ஸ் சர்வரும், அதிலிருந்து ஆறடி தள்ளி நிற்கும் லேசர் பிரிண்டரும் ஒரே சுவிட்சில்தான் செருகப்பட்டிருக்கின்றன. இம்மூன்றையும் இணைக்கும் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் தாள் வரவில்லை. இது ஏன் என்றுதான் யாருக்கும் புரிவதில்லை. “நெட் வந்தா தானா வந்துடும் சார்” என்கிறார் சர்வீஸுக்கு வருகிற தம்பி. பெரும்பாலும் அவர் வாக்கு பலிக்கவும் செய்கிறது. அப்படிப் பலிப்பதுதான் இந்தக் கோளாறின் கெட்ட குணம். நெட் வந்ததும் எல்லாம் ஓடத் தொடங்கிவிடுவதால் காரணத்தை யாரும் தேடுவதில்லை. அடுத்த பள்ளம் வெட்டும்போது அதே நாடகம் மறுபடியும் அரங்கேறுகிறது.

லினக்ஸ் சர்வர் வழியாக வலையில் அச்சடிக்கும் இடங்களில், வெளி இணையம் அறுந்தால் உள்ளே எது எதெல்லாம் உடைகிறது, அதைக் கண்டுபிடிக்கும் வழி என்ன, இதற்கு இதுவரை முன்வைக்கப்பட்ட தீர்வுகளின் தரம் என்ன என்பவற்றை இங்கே பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேளைகளில் நிற்பது பெரும்பாலும் அச்சு வேலை அல்ல. அடுத்த மேசைக்கு வழி சொல்கிற வேலை. அந்த வேலையை நமக்கே தெரியாமல் வெளியாளிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

“நெட் இல்லை” என்றால் என்ன?

இந்த இரண்டு சொற்களுக்குள் குறைந்தது நான்கு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. வெளியே போகும் இழை மட்டும் அறுந்து ரவுட்டர் உயிரோடு இருக்கலாம். ரவுட்டரே செத்திருக்கலாம். மின்சாரம் போய், எல்லாக் கருவிகளும் அணைந்து, தத்தம் வேகத்தில் எழுந்துகொண்டிருக்கலாம். நான்காவது கிளை அலுவலகங்களுக்கு உரியது. அச்சு சர்வர் தலைமையகத்தில் இருக்கிறது. கிளையில் அழுத்திய பிரிண்ட் ஊர் தாண்டிப் போய்விட்டுக் கிளையில் உள்ள பிரிண்டருக்கே திரும்பி வருகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற ஏற்பாடு. இதில் மர்மம் ஏதுமில்லை. பாதையே வெளியே போவதால் இழை அறுந்தால் அச்சும் அறும். கிளையில் ஒரு சிறு சர்வர் வைப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

மற்ற மூன்றையும் பிரித்தறியாமல் கை வைத்தால் நிலைமை மோசமாகும். சிறிய அலுவலகங்களில் நெட் கம்பெனி தந்த ஒரே பெட்டி ஐந்து உத்தியோகம் பார்க்கிறது: வெளி இழையைப் பிடிப்பது, வைஃபை பரப்புவது, நாலு துளை சுவிட்சாக இருப்பது, கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்குவது (டிஹெச்சிபி), பெயரைக் கேட்டால் எண் சொல்வது (டிஎன்எஸ்). முதல் உத்தியோகம் கெட்டதும் யாராவது “ஆஃப் பண்ணி ஆன் பண்ணு” என்கிறார்கள். அணைத்த நொடியில் நன்றாக இருந்த மற்ற நான்கும் சேர்ந்து போகின்றன. நெட் போன நேரத்தில் ரவுட்டரைத் தொடாமல் இருப்பதே பாதி வைத்தியம் என்று சொல்வேன்.

கண்டுபிடிப்பதற்கு முதலில் இரண்டு சோதனைகள் போதும். பிரிண்டரின் ஐபி எண்ணைப் பார்த்து, சர்வரிலிருந்து அந்த எண்ணுக்கு பிங் கொடுக்க வேண்டும். பிறகு பிரிண்டரின் பெயருக்குக் கொடுக்க வேண்டும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் கம்பி நலம், கோளாறு பெயரில். இரண்டுக்கும் வராவிட்டால் கோளாறு முகவரியிலோ கம்பியிலோ. இரண்டுக்கும் வந்தும் தாள் வராவிட்டால் வரிசையில், அதாவது அச்சு வேலைகள் காத்திருக்கும் கியூவில். இந்த மூன்று கதவுகளில் எது என்று தெரியாமல் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுவதில்தான் நம் ஊர் அலுவலகங்களில் பாதி மதியம் கழிகிறது. டிரைவரை நீக்கியபின் புதிதாக இறக்க நெட் வேண்டுமே என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

முடக்கம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதும் முக்கியம். ஒரு மணி நேர முடக்கமும் ஒரு வார முடக்கமும் ஒரே நோயின் இரண்டு அளவுகள் அல்ல, தனித்தனி நோய்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்த மாவட்டத்திலும் திருநெல்வேலி, கன்னியாகுமரியிலும் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய தடை படிப்படியாகத்தான் தளர்ந்தது. 4ஜி முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. கேபிள் அறுந்த ஒரு மணி நேரத்தில் பெயர் தேடல் மட்டும்தான் அடிபடும். நாள்கணக்கில் நீளும்போது முகவரிக் குத்தகை தீர்கிறது, கடிகாரம் விலகுகிறது, நினைவில் வைத்திருந்த கடவுச்சொற்கள் காலாவதியாகின்றன. முதல் நாள் ஓடிய பிரிண்டர் மூன்றாம் நாள் நிற்பதன் சூட்சுமம் இதுதான்.

பெயர் குடியிருந்த இடங்கள்

வலை அச்சின் வரலாற்றை வேகம், தரம், டிரைவர் என்று பலவிதமாக எழுதலாம். நமக்கு வேண்டியது வேறு கேள்வி: பிரிண்டரின் பெயர் ஒவ்வொரு காலத்திலும் எங்கே குடியிருந்தது?

பெர்க்லி யூனிக்ஸ் காலத்தில் அது ஒரு கோப்பில் இருந்தது. பிரிண்ட்கேப் என்ற அந்தக் கோப்பில் எந்தப் பிரிண்டர் எந்தக் கணினியில் இருக்கிறது என்று நிர்வாகி கையால் எழுதி வைப்பார். எல்பிடி என்ற அந்த முறை 1990இல் ஆர்எஃப்சி 1179 ஆகப் பதிவாயிற்று. 515ஆம் போர்ட் அதற்குரியது. ஒரு பிரிண்டர் இடம் மாறினால் ஒவ்வொரு கணினியிலும் போய்த் திருத்த வேண்டும். ஆனால் வெளியுலகம் எரிந்தாலும் அந்தக் கோப்பு எரியாது. (கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிறப்புக் கதையிலேயே ஒரு பிரிண்டர் உண்டு. எம்ஐடி செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரின் மூலநிரலைக் கேட்டு, மறுக்கப்பட்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். தாள் சிக்கினால் வலை வழியே தகவல் சொல்லும்படி அதை மாற்ற விரும்பினார், அவ்வளவுதான்.)

தொண்ணூறுகளின் இறுதியில் ஐபிபி வந்தது. முதல் வடிவம் 1999, அடுத்தது 2000, 631ஆம் போர்ட். இணைய அச்சு நெறிமுறை என்பது அதன் பெயரின் விரிவு. நெட் இல்லாமல் அச்சடிக்க இன்று நாம் நம்பியிருக்கும் நெறிமுறைக்குப் பெயரிலேயே இணையம் இருப்பது வேடிக்கை. அது வலைத்தளங்களின் ஹெச்டிடிபி மொழியில் பேசுகிறது, அவ்வளவே. வெளியே போக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அதே 1999இல் மைக்கேல் ஸ்வீட் எழுதிய கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் வெளிவந்தது. 2002இல் ஆப்பிள் அதைத் தன் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2இல் ஏற்றது, 2007இல் விலைக்கு வாங்கியது. 2019 இறுதியில் ஸ்வீட் ஆப்பிளை விட்டு வெளியேறினார். பிறகு ஓப்பன்பிரிண்டிங் குழு பொறுப்பை எடுத்துக்கொண்டு 2021 நவம்பரில் 2.4ஆம் பதிப்பை வெளியிட்டது. இன்று லினக்ஸ் சர்வரில் அச்சு என்றால் நடைமுறையில் கப்ஸ்தான். அதன் காலத்தில் பெயர் கோப்பிலிருந்து டிஎன்எஸ்ஸுக்குக் குடிபெயர்ந்தது.

2010இல் நடந்தது சுவாரசியமானது. ஒரே ஆண்டில் எதிரெதிரான இரண்டு விடைகள் வந்தன. ஆப்பிளின் ஏர்பிரிண்ட் பெயரைக் காற்றில் வைத்தது. கருவி தன் அறையிலேயே “நான் இங்கே இருக்கிறேன்” என்று கூவும், கேட்பவர் கேட்டுக்கொள்ளலாம். ஸ்டூவர்ட் செஷர் முன்னின்று வளர்த்து 2013இல் ஆர்எஃப்சி 6762 ஆகப் பதிவான எம்டிஎன்எஸ்தான் அந்தக் கூவலின் இலக்கணம்: 224.0.0.251 என்ற குழு முகவரி, 5353ஆம் போர்ட், லோக்கல் என்று முடியும் பெயர்கள். லினக்ஸில் இந்த வேலையை அவாஹி செய்கிறது. கூகுள் அறிவித்த கிளவுட் பிரிண்ட்டோ பெயரை மேகத்துக்கு அனுப்பியது. பக்கத்தில் இருக்கும் பிரிண்டருக்குக்கூடத் தாள் மேகத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். 2020 டிசம்பர் 31 அன்று கூகுள் அதை மூடியது. அன்று உலகெங்கும் பல பிரிண்டர்கள் கெட்டுப்போகாமலே பயனற்றுப் போயின. நெட் முடக்கம் சில மணி நேரம் காட்டும் படத்தை அந்த மூடல் நிரந்தரமாகக் காட்டிற்று.

இந்த நான்கில் முடக்கத்தைத் தாங்குபவை முதலாவதும் மூன்றாவதும். கோப்பும் கூவலும். டிஎன்எஸ் தாங்குமா என்பது அது யார் வீட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முப்பது நொடி மௌனம்

சர்வர் ஒரு பெயரை எண்ணாக மாற்றும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அச்சுச் சிக்கல்களின் பெரும்பகுதி இங்கேதான் கிடக்கிறது.

லினக்ஸில் எந்த நிரல் பெயரைக் கேட்டாலும், என்எஸ்ஸ்விட்ச் என்ற கோப்பில் உள்ள வரிசைப்படி தேடல் நடக்கும். வழக்கமாக முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பு, பிறகு லோக்கல் பெயர்களுக்கு அவாஹி, கடைசியில் டிஎன்எஸ். டிஎன்எஸ் யார் என்பதை ரிசால்வ் கோப்பு சொல்கிறது. யாரோ ஒரு நாள் “வேகமாக இருக்கும்” என்று அதில் 8.8.8.8 என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். கூகுளின் பொது டிஎன்எஸ் அது. நல்ல சேவைதான். ஆனால் உங்கள் பில்லிங் அறையின் பிரிண்டர் பெயர் அதற்கு நெட் இருக்கும்போதே தெரியாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது இதுதான்.

நெட் இருக்கும் நாளில் “அப்படி யாரும் இல்லை” என்ற பதிலாவது உடனே வரும். நெட் போனால் பதிலே வராது. கணினிக்கு மறுப்பைவிட மௌனம் கொடியது. பொதுவான அமைப்பில் லினக்ஸ் ஒரு டிஎன்எஸ்ஸிடம் கேட்டுவிட்டு 5 நொடி காத்திருக்கும். அடுத்தவரிடம் கேட்கும், மறுபடி 5 நொடி. பட்டியலில் மூன்று பேர் இருந்து, இரண்டு சுற்று கேட்டால் 30 நொடி. கேட்கும் ஒவ்வொரு நிரலும் தனித்தனியே இப்படிக் காத்திருக்கும். “சர்வர் ஹேங் ஆயிடுச்சு” என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான். சர்வரின் சொந்தப் பெயரே ஹோஸ்ட்ஸ் கோப்பில் இல்லாவிட்டால் இன்னும் வேடிக்கை: தன் பெயர் என்ன என்று அது ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்.

கப்ஸ் இதில் எப்படி நடந்துகொள்கிறது? அச்சு வேலையை அனுப்பும் அதன் பின்முனை நிரல் பிரிண்டரின் பெயரைத் தேடும். கிடைக்காவிட்டால் பிரிண்டரைக் கண்டறிய முடியவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு 10 நொடி தூங்கி மறுபடி தேடும். கைவிடாது. வரிசையில் பார்த்தால் வேலை நடந்துகொண்டிருப்பதாகவே தெரியும். நெட் திரும்பி, பெயர் கிடைத்த அடுத்த பத்து நொடிக்குள் தாள் வந்துவிடும். சர்வீஸ் தம்பியின் “தானா வந்துடும்” பலிப்பதற்கு உள்ளே இருக்கும் பொறிமுறை இவ்வளவுதான்.

ரவுட்டரே டிஎன்எஸ்ஸாக இருக்கும் இடங்களில் முடிவு அதன் குணத்தைப் பொறுத்தது. வெளி இழை போனாலும் உள்ளூர்ப் பெயர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் பெட்டிகள் உண்டு. வாயை மூடிக்கொள்ளும் பெட்டிகள் உண்டு. மூன்றாவது வகை விவகாரமானது: நெட் இல்லாதபோது எந்தப் பெயரைக் கேட்டாலும் தன் எண்ணையே சொல்லும். உலாவியில் “இணைப்பு இல்லை” என்ற பக்கத்தைக் காட்டுவதற்காகச் செய்த தந்திரம் அது. ஆனால் கப்ஸும் அதை நம்பி, பில்லை ரவுட்டரிடம் நீட்டும். பிரிண்டர்கள் தரவு வாங்கும் 9100ஆம் போர்ட் ரவுட்டரில் ஏது? இணைப்பு மறுக்கப்பட்டது என்று பதிவேட்டில் வரும். பார்ப்பவர் பிரிண்டர்தான் மறுக்கிறது என்று நினைத்து அதைப் பிரித்துப் போடுவார்.

பெயரைச் சோதிக்கும் கருவியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நிர்வாகிகள் வழக்கமாக எடுக்கும் டிக் என்ற கட்டளை ஹோஸ்ட்ஸ் கோப்பையும் அவாஹியையும் பார்க்காமல் நேரே டிஎன்எஸ்ஸிடம் போகும். மற்ற நிரல்கள் போகும் அதே பாதையில் போய்ப் பார்க்க கெட்என்ட் என்ற கட்டளைதான் சரி. “டிக்கில் வரவில்லை, ஆனால் பிரிண்ட் ஆகிறது” என்றும் அதற்கு நேர்மாறாகவும் வரும் குழப்பங்கள் பெரும்பாலும் இதனால்தான்.

சிலர் அவசரத்துக்குச் சர்வருக்கே ஒரு புதுப் பெயரைக் கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதுவார்கள். பெயர் எண்ணாக மாறிவிடும், ஆனால் கப்ஸ் “தவறான கோரிக்கை” என்று திருப்பி அனுப்பும். தனக்குத் தெரியாத பெயரால் அழைத்தால் அது சந்தேகப்படும். வெளியிலிருந்து டிஎன்எஸ்ஸை ஏமாற்றி நுழைபவர்களைத் தடுக்க வைத்த காவல் அது. சர்வர்அலியாஸ் என்ற வரியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் ஏற்கும். ஐபி எண்ணாகவே கேட்டால் சேர்க்காமலும் ஏற்கும்.

மின்வெட்டுக்குப் பின்

மின்சாரமும் நெட்டும் சேர்ந்து போகும் புயல் நாட்களில் கோளாறு பெயரிலிருந்து முகவரிக்கு இறங்குகிறது. மின்சாரம் திரும்பியதும் பிரிண்டர் வேகமாக எழுந்துவிடும். ரவுட்டர் நிதானமாக எழும். முகவரி கேட்ட பிரிண்டருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. உடனே அது 169.254 என்று தொடங்கும் தற்காலிக எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும். சர்வர் 192.168 தெருவில் இருக்கும். பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அமைப்புத் தாளை எடுத்துப் பார்த்தால், எண் 169.254 என்று தொடங்குவதிலேயே கதை தெரிந்துவிடும். ரவுட்டர் எழுந்தபின் பிரிண்டரை மட்டும் ஒருமுறை அணைத்து எழுப்பினால் போதும். நிரந்தர மருந்து, பிரிண்டருக்கு நிலையான முகவரி. அதை டிஹெச்சிபி வழங்கும் எண் வரம்புக்கு வெளியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் யாருடைய கைபேசியோ அதே எண்ணை வாங்கிக்கொண்டு நிற்கும்.

டிஹெச்சிபி வெளியூரில் இருக்கும் கிளைகளில் குத்தகைக் கணக்கு வேறு. கருவி குத்தகைக் காலத்தின் பாதியில் புதுப்பிக்க முயலும். ஆள் கிடைக்காவிட்டால் முடிவுவரை பழைய எண்ணையே வைத்திருக்கும். எட்டு நாள் குத்தகை என்றால் நான்கு நாள் முடக்கத்தைத் தாங்கும். எட்டு மணி நேரக் குத்தகை அன்று மாலையைத் தாண்டாது.

ஐபிவி6 இன்னொரு நூதனத்தைக் கொண்டு வந்திருக்கிறது. நெட் கம்பெனி தரும் முன்னொட்டை வைத்து உள்ளே இருக்கும் பிரிண்டருக்கும் உலக முகவரி கிடைத்துவிடுகிறது. அந்த முன்னொட்டு இரவல். இழை நீண்ட நேரம் அறுந்து கிடந்து அதன் ஆயுள் தீர்ந்தால், பிரிண்டரின் எண்ணும் செத்துவிடும். சர்வர் அந்தச் செத்த எண்ணை முதலில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பழைய ஐபிவி4 எண்ணுக்கு வரும். உள்வலைக்கென்றே ஒதுக்கப்பட்ட, எஃப்டி என்று தொடங்கும் ஐபிவி6 முகவரிகள் 2005 முதல் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் சிறு அலுவலகம் எதையும் நான் பார்த்ததில்லை.

மின்வெட்டு தொடர்பான இன்னொரு செய்தி, ஹெச்பி லேசர்ஜெட் 1020 பற்றியது. நம் ஊர்க் கடைகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் நெடுங்காலம் உழைத்த யுஎஸ்பி பிரிண்டர். தன் ஃபர்ம்வேரை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறை எழும்போதும் கணினிதான் ஊட்ட வேண்டும். லினக்ஸில் அந்தக் கோப்பு தனியே இறக்கி வைக்கப்பட வேண்டியது. நெட் உள்ள நாளில் இறக்கிச் சர்வரில் போட்டிருந்தால் கவலையில்லை. புதிதாக நிறுவிய சர்வரில் அதை மறந்துவிட்டு, மின்சாரமும் நெட்டும் இல்லாத நாளில் நினைத்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

கடிகாரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. பழைய ராஸ்பெரி பை பலகைகளை அச்சு சர்வராக வைத்திருப்பவர்கள் அதிகம். மலிவு, மின்சாரம் குறைவு. ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய பைகளில் கடிகாரச் சில்லு கிடையாது. நேரத்தை இணையத்திலிருந்துதான் வாங்கும். நெட் இல்லாமல் எழுந்தால் கடைசியாக அணைந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். மறையாக்கம் செய்த ஐபிபிஎஸ் வழியில் அச்சடித்தால், நேற்று உருவாக்கிய சான்றிதழ் “இன்னும் தொடங்கவில்லை” என்று தள்ளப்படலாம். கெர்பரோஸ் வழியாக உள்நுழையும் இடங்களில் ஐந்து நிமிட விலகலே போதும், கதவு மூடிவிடும்.

கைபேசிகளும் உண்டு. வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிரிண்டர் வைஃபையில், கைபேசி வானத்தில். டேட்டாவை அணைத்துவிட்டு அழுத்தினால் தாள் வரும்.

நெட் வந்த பிறகு

நெட் திரும்பியும் அச்சு வராவிட்டால் வரிசையைப் பார்க்க வேண்டும். பெயர் தேடுவதில் கப்ஸ் பொறுமைசாலி என்று சொன்னேன். வேறு பிழைகளில் அப்படி அல்ல. வேலை தோற்றால் என்ன செய்வது என்பதற்கு எர்ரர்பாலிசி என்ற வரி இருக்கிறது. மூலக் கப்ஸின் இயல்பு, பிரிண்டர் வரிசையையே நிறுத்திவிடுவது. யாராவது வந்து கப்ஸ்எனேபிள் என்று சொல்லும்வரை நின்றுகொண்டே இருக்கும். மறுமுயற்சி என்று மாற்றினால் 300 நொடிக்கு ஒருமுறை, ஐந்து முறைவரை முயலும். சில லினக்ஸ் வெளியீடுகள் இதை மாற்றியே தருகின்றன, ஆகவே உங்கள் சர்வரில் எது என்று ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

எது நல்லது என்பதில் நிர்வாகிகள் இரண்டு கட்சி. நிறுத்துவதே பாதுகாப்பு என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நெட் இல்லாதபோது மக்கள் ஒரே பில்லுக்குப் பத்து முறை பிரிண்ட் அழுத்துவார்கள். வரிசை திறந்ததும் பத்தும் வரும். சம்பளப் பட்டியலைப் போன்றவை, ஆள் வீட்டுக்குப் போனபின் யாருமில்லாத அறையில் வந்து விழுவதும் நல்லதல்ல. என் சார்பு மறுமுயற்சியின் பக்கம். ஆளில்லாத கிளையில் நின்றுபோன வரிசையை எழுப்ப ஒருவர் தொலைபேசியில் வழி சொல்வதைக் கேட்டுப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் எல்பிஸ்டாட் கட்டளையால் வரிசையைப் பார்த்து, இரட்டிப்புகளை நீக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

பதிவேட்டைப் படிக்கும் வழக்கம் இல்லாத இடத்தில் ஊகம் மட்டுமே மிஞ்சும். உபுண்டுவில் ஒருமுறை செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து அச்சு வரவில்லை என்று புகார் வந்தது. சிரித்தவர்கள் பலர். கோப்பின் வகையைக் கண்டுபிடிக்கும் சிறு நிரல், தேதியில் இருந்த செவ்வாயின் ஆங்கிலச் சுருக்கத்தைக் கண்டு, அச்சுக் கோப்பை வேறு வகைக் கோப்பென்று எடுத்துக்கொண்டது என்பது பிறகு தெரிந்தது. கிழமை காரணம் என்று சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். “நெட் போனால் பிரிண்ட் வரவில்லை” என்பவரும் அப்படியே. அவர் பார்த்தது உண்மை, காரணம்தான் இடையில் நாலு படி தள்ளி இருக்கிறது.

எண்ணா, பெயரா?

தீர்வுகளைப் பற்றிய விவாதம் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது. எல்லாக் கணினிகளிலும் பிரிண்டரின் ஐபி எண்ணையே எழுதிவிடு என்பது ஒரு தரப்பு. முடக்கத்தை அது அசையாமல் தாங்கும். பிரிண்டர் மாறும் நாளில் ஒவ்வொரு மேசையாகப் போக வேண்டும். அதாவது 1990க்குத் திரும்புகிறோம். எல்லாம் தானே கூவிக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்பது மறு தரப்பு. புதிய பிரிண்டர்கள் டிரைவர் இல்லாமலே ஐபிபி வழியில் அச்சடிப்பதால் அழகான வழிதான். ஆனால் எம்டிஎன்எஸ் கூவல் ஒரே வலைத் துண்டைத் தாண்டிப் போகாது. வைஃபைப் பெட்டிகள் பல அதை மறித்துவிடும். கூவலை நம்பிக் கதவைத் திறப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரித்தெல்லி, கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணை நிரல் 631ஆம் யுடிபி போர்ட்டில் யார் சொன்னாலும் நம்புகிறது என்று காட்டினார். அதன் பிறகு பல நிர்வாகிகள் அந்த நிரலையே நீக்கிவிட்டார்கள்.

நான் இரண்டையும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வேன். சர்வரிலிருந்து பிரிண்டருக்கு எண். அந்த எண்ணை எழுதியிருப்பது ஒரே ஓர் இடத்தில்தான், மாற்றுவது எளிது. மேசைகளிலிருந்து சர்வருக்குப் பெயர். அந்தப் பெயரைச் சொல்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு நிரல் அதே லினக்ஸ் சர்வரில் ஓடி, பெயரையும் முகவரியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். உள்ளூர்ப் பெயர்களுக்குத் தானே பதில் சொல்லும், மற்றவற்றை மட்டும் வெளியே அனுப்பும். நெட் கம்பெனிப் பெட்டியை வெளி இழை பிடிக்கும் வேலையோடு நிறுத்திவிட்டு, தனியாக ஒரு சாதாரண சுவிட்சை யுபிஎஸ்ஸில் மாட்டினால் ஐந்து உத்தியோகப் பிரச்சினையும் தீர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே சர்வரில் குவிப்பது தவறு, அது செத்தால் எல்லாம் சாகும் என்பது சரியான ஆட்சேபம். ஆனால் அந்தச் சர்வர் செத்தால் அச்சும் எப்படியும் சாகத்தான் போகிறது.

செய்ததெல்லாம் சரியா என்று பார்க்க, வேலை குறைந்த ஒரு சனிக்கிழமை மதியம் வெளி இழையை மட்டும் கழற்றிவிட்டு ஒரு பக்கம் அச்சடித்துப் பார்க்கலாம். சர்வரையும் பிரிண்டரையும் அணைத்து எழுப்பி இன்னொரு பக்கம். முதல் பக்கம் வந்து இரண்டாவது வராத அலுவலகங்கள்தான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வராத தாள்கள் உண்டு. ஆவணமே உலாவிக்குள் திறக்கும் மேகக் கோப்பாக இருந்தால், அச்சடிக்க இங்கே எதுவும் இல்லை. ஹெச்பி பிளஸ் என்ற ஏற்பாட்டில் விற்கப்படும் பிரிண்டர்களுக்கு இணைய இணைப்பு நிபந்தனையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. வாங்கும் முன் பெட்டியைப் படிப்பதுதான் அங்கே பழுதுபார்ப்பு. ஜிஎஸ்டி மின் விலைப்பட்டியலும் அப்படியே. 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பிற வணிகர்களுக்குத் தரும் பில்லை அரசின் தளத்தில் பதிந்து, அங்கிருந்து வரும் எண்ணையும் க்யூஆர் கட்டத்தையும் பில்லில் சேர்த்தாக வேண்டும். பிரிண்டர் தயார், சர்வர் தயார், வரிசையும் திறந்திருக்கிறது. தாளில் போட வேண்டிய கட்டம் மட்டும் அறுந்த இழையின் மறுமுனையில் இருக்கிறது. லாரி வாசலில் நிற்க, கணக்கர் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் தேடிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுகிறார்.